கம்பத்தை விடுங்கள், கூரையைப் பாருங்கள்

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் மேலகரம். ஆட்டத்துக்கென்றே பாட்டெழுதிய மண். அங்கே இன்று ஒரு மாடி வீட்டில் நடனக் கம்பம் நிறுத்த ஒருவர் ஆசைப்பட்டால் எதைப் பார்க்க வேண்டும்?

விழுப்புரத்துப் பிள்ளைகள் ஏறும் மல்லர் கம்பம் மரம். அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். வீட்டுக் கம்பம் அப்படியல்ல. பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய். தரைக்கும் கூரைக்கும் நடுவே திருகி இறுக்கிய அழுத்தத்தில்தான் நிற்கிறது. அதனால் கம்பத்தின் விலையைவிடக் கூரையின் பலம்தான் முக்கியம். நல்ல கான்கிரீட் தளம் தாங்கும். அழகுக்காகத் தொங்கவிட்ட ஜிப்சம் பலகை மின்விசிறியையே தாங்காது, ஆளை எங்கே தாங்கும்! காரை பெயர்ந்து கம்பி தெரிகிற பழைய தளமென்றால் பொறியாளரைக் கேளுங்கள். ஓட்டு வீட்டுக்கு இந்த ஆசையே வேண்டாம்.

ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துங்கள். காலை நீட்டிச் சுழன்றால் பீரோ இடிக்கக்கூடாது. மல்லர் கம்பத்துக்கு விளக்கெண்ணெய் பூசுவார்கள். எஃகுக் கம்பத்துக்கு அது ஆகவே ஆகாது. சாரல் மாதங்களில் கம்பத்தில் ஈரம் படியும், துடைத்துவிட்டு ஏறுங்கள். கீழே தடித்த மெத்தை போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறுமுன் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.