எண்ணும் கருவியும் எண்ணிப் பார்த்தலும்



காலையில் பூங்காவிற்குச் செல்வோர் பலருடைய மணிக்கட்டில் இன்று ஒரு சிறு கருவியைக் காண்கிறோம். எத்தனை அடி நடந்தோம், எத்தனை கிலோமீட்டர் கடந்தோம் என்பதை அது இலக்கத்தில் காட்டுகிறது. அவ்விலக்கம் எவ்வளவு நம்பத் தக்கது என்பதே இன்று நாம் ஆராய இருக்கும் பொருள்.

அக்கருவி நம் காலைப் பார்ப்பதில்லை. கையின் அசைவையே உணர்கிறது. அதனுள் முடுக்கமானி என்னும் நுண்ணுறுப்பு உண்டு. நடக்கையில் நம் கை ஓர் ஒழுங்கான தாளத்தில் அசைகிறது. அத்தாளத்தைக் கொண்டு, இஃது ஓர் அடி, இது மற்றோர் அடி என்று கருவி ஊகித்துக் கொள்கிறது. ஆகவே, கை அசையாமல் கால் மட்டும் நடந்தால் கணக்குக் குறையும். உட்கார்ந்தபடியே கையால் தாளம் போட்டால் கணக்குக் கூடவும் கூடும்.

தூரத்தின் நிலைமை என்ன? செயற்கைக்கோளின் துணை இல்லாதபோது, அடிகளின் எண்ணிக்கையை ஓர் அடியின் நீளத்தால் பெருக்கியே கருவி தூரத்தைச் சொல்கிறது. அந்நீளத்தையோ, நாம் பதிந்து கொடுத்த உயரத்தைக் கொண்டு பெரும்பாலும் உத்தேசமாகக் கணக்கிடுகிறது. 60 சென்டிமீட்டர் அடி வைப்பவரை 70 என்று அது கருதிவிட்டால், 10,000 அடியில் 6 கிலோமீட்டர் 7 ஆகிவிடும். ஜி.பி.எஸ். இருந்தாலும், செயற்கைக்கோளின் அலைகள் உயர்ந்த கட்டடங்களில் மோதித் திரும்பி வருமிடத்தில் பிழை நேர்வதுண்டு.

இதனை நானே சோதித்துப் பார்த்தேன். 400 மீட்டர் ஓடுபாதையின் உள்வட்டத்தில் ஐந்து சுற்று நடந்தேன். தூரம் 2 கிலோமீட்டர். நான் வாய்விட்டு எண்ணிய அடிகள் 3,200. கருவி காட்டியவை 3,150 அடிகளும் 2.2 கிலோமீட்டரும். எண்ணிக்கை ஏறக்குறையச் சரி, தூரத்தில்தான் தவறு. பின்னர்ப் பேரனின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தேன். அப்போது வைத்த அடிகளில் பாதியைக்கூட அது எண்ணவில்லை.

அடியை எண்ணித் தூரம் அளப்பதே பயனற்ற முறை என்று கருதிவிடாதீர்கள். குமாவோன் மலைநாட்டுப் பள்ளி ஆசிரியரான நைன் சிங் ராவத், இந்திய நில அளவைத் துறைக்காக 1865ஆம் ஆண்டு நேபாளத்திலிருந்து புறப்பட்டு, 1866ஆம் ஆண்டு லாசா நகரை அடைந்தார். 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகள் கோத்த மாலையில், நூறு அடிக்கு ஒரு மணியாகத் தள்ளி வழி நெடுக அளந்தார். மேட்டிலும் பள்ளத்திலும் அடியின் நீளம் மாறாதிருக்க அவர் முன்னரே பயிற்சி பெற்றிருந்தார். அதனோடு அமையாது, விண்மீன்களை நோக்கி அட்சரேகையையும் கணித்தார். தம் அளவைத் தாமே சோதித்துக்கொண்டதனால் அன்றோ அவர் கணக்கு மதிப்புப் பெற்றது!

இது வெறும் கணிதச் செய்தியும் அன்று. எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபின், வாக்கரைப் பற்றிக்கொண்டு கூடத்தில் மெல்ல நடந்து வந்தார். மகன் அன்போடு வாங்கித் தந்த கருவி அவருடைய அடிகளில் பெரும்பாலானவற்றை எண்ணவேயில்லை. “இத்தனை பாடுபட்டும் நான் நடக்கவேயில்லையாமே” என்று மனம் தளர்ந்து, நடையையே நிறுத்திவிட்டார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்திதான், “தாத்தா, நடங்கள், நான் எண்ணுகிறேன்” என்று உடன் நடந்து, எண்ணியதை நாட்காட்டியில் குறித்து வந்தாள். சில நாளில் உண்மை விளங்கியது. அவரும் ஊக்கம் பெற்றார்.

ஆதலின் மாணவர்களே, கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அளவு தெரிந்த ஓர் ஓடுபாதையில் நடந்து, அடிகளை எண்ணி, 400 மீட்டரை அவ்வெண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 640 அடி வந்தால் உங்கள் அடி 62.5 சென்டிமீட்டர். கருவி இடந்தருமாயின் அந்த அளவை அதில் பதிந்துவிடுங்கள். நேற்றைய நடையோடு இன்றைய நடையை ஒப்பிட அது உதவட்டும். பிறர் கருவியோடு போட்டியிட வேண்டா.

எண்ணுதல் என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரு பொருள் உண்டு. முன்னதைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். பின்னதை நாமே செய்தல் வேண்டும்.