கோட்டைத் தாண்டிய பந்து

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விளையாட்டும் பத்திரிகையும் பற்றி ஏதாவது பேசுங்க, பத்து நிமிஷம் போதும்" என்று செயலாளர் சொன்னார். எனக்குப் பேச்சு வராது. ஆனால் இந்தத் தலைப்பில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. கடன் கொடுத்தவர்கள், அதாவது சிதம்பரத்து நண்பர்கள், இடப்பக்கம் மொத்தமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் ஒப்புக்கொண்டேன்.

கால்பந்து ரசிகனிடம் பேசிப் பாருங்கள். உலகத்தில் எந்த ஊராக இருந்தாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. "பத்திரிகைக்காரனுக்கு நம்ம டீம் மேல வஞ்சனை" என்பான். கொல்கத்தாவில் மோகன் பகான்காரர் ஒன்று சொல்வார், ஈஸ்ட் பெங்கால்காரர் அதையே திருப்பிச் சொல்வார். ஒரே பத்திரிகையை இருவருமே எதிராளியின் பத்திரிகை என்பார்கள். சரி, ரசிகன் அப்படித்தான் என்று சிரித்துவிட்டுப் போகலாமா? போக முடியாது. ஏனென்றால் சில சமயம் ரசிகன் சொல்வதுதான் உண்மையாக இருக்கிறது.

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் அணிக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிக்கும் அரையிறுதி. போலீஸ் உத்தரவில் வெளிக்கதவைத் திறந்துவிட்டார்கள். ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பிவேலிக் கூண்டுக்குள் கூட்டம் போய்ச் சேர்ந்தது. நெரிசலில் மூச்சுத் திணறி லிவர்பூல் ரசிகர்கள் செத்தார்கள். அன்றைய காயத்தின் விளைவாகப் பல ஆண்டுகள் கழித்து இறந்தவரையும் சேர்த்து மொத்தம் 97 பேர். நான்காம் நாள் 'தி சன்' பத்திரிகை முதல் பக்கத்தில் "உண்மை" என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டது. குடித்துவிட்டு வந்த ரசிகர்கள் பிணத்தின் பையில் கை விட்டார்கள், காப்பாற்ற வந்த போலீஸை அடித்தார்கள் என்று எழுதியது. அத்தனையும் பொய்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது? போலீஸ் தரப்பிலிருந்து ஒரு செய்தி ஏஜென்சி வழியாக வந்தது. யார் மேல் குற்றம் விழ வேண்டுமோ அவர்களே கதையைச் சொன்னார்கள். பத்திரிகை அதை அப்படியே அச்சடித்தது. லிவர்பூல் ஊர் அந்தப் பத்திரிகையை வாங்குவதை நிறுத்தியது. சும்மா கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. பிள்ளையை இழந்த தாய் தகப்பன்கள் 27 வருஷம் ஆவணங்களைத் தேடி அலைந்தார்கள். 2016-இல் விசாரணை ஜூரி, அது சட்டவிரோதமாக உயிர் போக்கிய செயல், ரசிகர்கள் மேல் தப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. லிவர்பூலில் இன்றும் அந்தப் பத்திரிகையை விற்காத கடைகள் உண்டு.

இவ்வளவு பெரிய சோகத்தைச் சொல்லிவிட்டு என் சின்னக் கதைக்கு வருவதற்கு மன்னிக்கவும். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். செய்தி கெட்டுப்போகும் விதம் மட்டும் ஒன்றுதான்.

எண்பதுகளில் படிப்பு முடிந்து கடலூரில் வேலையில் இருந்தேன். ஒரு சின்ன கால்பந்து கிளப்புக்கு நான்தான் செயலாளர். செயலாளர் என்றால் பந்துக்குக் காற்றடிப்பவன் என்று அர்த்தம். மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு டோர்னமெண்ட், அரையிறுதியில் சிதம்பரம் அணியோடு ஆட்டம். நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டோம். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது கார்னரிலிருந்து வந்த பந்தைச் சிதம்பரத்துப் பையன் ஒருவன் தலையால் முட்டினான். கிராஸ்பாரில் பட்டுக் கீழே விழுந்தது. எங்கள் கீப்பர் பாய்ந்து இழுத்துப் பிடித்தான். ரெஃப்ரீ தூரத்தில் இருந்தார், கோல் கொடுக்கவில்லை. ஆட்டம் 1-0, நாங்கள் ஜெயித்தோம்.

அந்தக் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றவன் நான். பந்து எங்கே விழுந்தது என்று பார்த்தவன்.

அந்தக் காலத்தில் உள்ளூர் நிருபர் ஒரே ஆள். கலெக்டர் ஆபீஸ், கோயில் திருவிழா, லாரி விபத்து எல்லாம் அவர்தான். மைதானத்துக்கு வர அவருக்கு நேரம் ஏது? ஜெயித்த கிளப் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கும். அவர் தன் கவரில் சேர்த்து அனுப்புவார். பக்கத்தில் இடம் இல்லையென்றால் அங்கே கடைசி இரண்டு வரியை வெட்டுவார்கள். சீட்டு எழுதியவன் நான். "சிதம்பரம் அணியின் ஆட்டம் ஆரம்பம் முதலே சோபிக்கவில்லை" என்று எழுதினேன். கிராஸ்பார் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் சிதம்பரம் கொதித்தது. பத்துப் பதினைந்து பேர் பஸ் ஏறி வந்து டீக்கடையில் அந்த நிருபரைச் சூழ்ந்துகொண்டார்கள். "கடலூர்க்காரன்கிட்ட எவ்வளவு வாங்கினே?" என்று கேட்டார்கள். நான் எதிர் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் என்னைக் கை காட்டவில்லை. வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, "தம்பி, நீ எழுதிக் குடுத்ததுல ஏதோ ஒண்ணு குறையுதுன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. ஆனா நான் ஆட்டத்துக்கு வரல. வராதவன் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு கேக்கிறது?" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

இன்று அவர் இல்லை. அவர் இருக்கும்போதே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சிதம்பரத்து நண்பர்களே, பந்து கோட்டைத் தாண்டித்தான் விழுந்தது. ஒரு சாண் உள்ளே. நீங்கள் சந்தேகப்பட்டது சரி. சந்தேகப்பட்ட ஆள்தான் தப்பு.

இப்போது சீட்டு இல்லை, கவர் இல்லை. பெரிய கிளப்புகளே சொந்தமாகப் படம் எடுத்து, சொந்தமாகச் செய்தி எழுதி, ரசிகனின் கைபேசிக்கே நேராக அனுப்புகின்றன. "பத்திரிகையை நம்பாதே, கிளப் சொல்வதை நம்பு" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. அது என் சீட்டுதானே ஐயா! கலரில் வருகிறது, அவ்வளவுதான்.

பொய்யாக எழுதுவதைவிட எழுதாமலே விடுவது இன்னொரு அநியாயம். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் தேசிய சீனியர் மகளிர் கால்பந்து இறுதிப் போட்டி. வருஷக்கணக்காக ஜெயித்துவந்த மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் முறையாகக் கோப்பையை வாங்கியது. கோல் போட்டவர்களில் இந்துமதி கதிரேசன் நம் கடலூர்ப் பெண். 2023-இல் ஹரியானாவை வென்று மறுபடியும் கோப்பை. இந்திய அணியில் ஆடியிருக்கும் சந்தியா ரங்கநாதன் நம் பண்ருட்டிக்காரி. 2018 வெற்றியை நான் ஒரு வாரம் கழித்து டீக்கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்கு வரும் பத்திரிகையில் அது எந்த மூலையில் கிடந்ததோ, என் கண்ணில் படவில்லை. கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். நம் ஊர்ப் பெண்கள் பயிற்சி செய்யும்போது நான் எத்தனை நாள் போய்ப் பார்த்தேன்? ஒரு நாள்கூட இல்லை. வராதவன் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

ஆகவே நண்பர்களே, சந்தேகப்படுங்கள், அது ரசிகனின் உரிமை. ஆனால் லிவர்பூல்காரர்கள் மாதிரி சாட்சியோடு சந்தேகப்படுங்கள். நம் அணிக்குச் சாதகமான செய்தியையும் அதே கண்ணால் பாருங்கள். மைதானத்துக்குப் போங்கள்.

சங்கத்துக்கு ஒரு சின்ன வேண்டுகோள். நம் கல்லூரி மாணவர் ஆட்டம், மாணவியர் ஆட்டம் எதுவானாலும், பத்திரிகைக்கு அனுப்பும் குறிப்பில் இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். தோற்றவன் கையெழுத்தும் இருந்தால் கிராஸ்பார் விட்டுப்போகாது.

பத்து நிமிஷத்தைத் தாண்டிவிட்டேன் என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கடன் தீர்ந்தது. சாப்பாட்டு வேளையில் சிதம்பரத்து நண்பர்கள் என்னைத் தேடினால் ஆசிரியர்களுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன்.