நம்மைப் பார்த்துச் சிரிக்கும் படமும் நாமும்

(கட்சி உறுப்பினர்களுக்கான பண்பாட்டு வகுப்பில், 'சந்தேசம்' திரைப்படம் திரையிடப்பட்ட மறுநாள் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நேற்று மாலை இதே அரங்கில் 'சந்தேசம்' என்ற மலையாளத் திரைப்படத்தைப் பார்த்தோம். படம் ஓடிக்கொண்டிருந்தபோது நான் திரையைவிட உங்களைத்தான் அதிகம் கவனித்தேன். தேர்தல் தோல்வி குறித்த பரிசீலனைக் கூட்டக் காட்சியில் இளம் தோழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவயதுத் தோழர்கள் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மூத்த தோழர் ஒருவர் சிரிக்கவே இல்லை. படம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "எதிரிகள் செய்ய வேண்டிய வேலையை நாமே நம் செலவில் செய்கிறோமே, தோழர்?" என்று கேட்டார். ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. என் உரை அவருக்கான பதில். சில இடங்களில் அவரோடு உடன்படும் பதில்.

படம் 1991இல் வெளிவந்தது. ஸ்ரீனிவாசன் எழுத, சத்யன் அந்திக்காடு இயக்கினார். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்று ஊர் திரும்பும் ராகவன் நாயராகத் திலகன் நடித்தார். அவருடைய மகன்களில் பிரபாகரன் இடதுசாரிக் கட்சியின் ஊழியன். பிரகாசன் எதிர்முகாமில் இருப்பவன். கட்சிகளின் பெயர்கள் கற்பனையானவை. ஆனால் எவை எவை என்று கேரளத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருவரும் தந்தையின் வருமானத்தில் உண்டுகொண்டு, உலக அரசியலுக்காக வீட்டுக்குள் மோதிக்கொள்கிறார்கள். பிரகாசன் போலந்தைச் சுட்டிக்காட்டியதும், பதில் சொல்ல இயலாத பிரபாகரன் போலந்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று சீறுகிறான். 1989இல் போலந்தில் ஆட்சி மாறியது. படம் வெளிவந்த அதே ஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. நம்மைப் போன்றோர் உள்ளம் நொந்திருந்த காலம் அது. அந்த வசனமோ, விடையற்றவர் விவாதத்தை மூடும்போதெல்லாம் மலையாளிகள் எடுத்தாளும் சொல்வழக்காகிவிட்டது. கட்சித் தோழர்களும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தோழர்களே, ஆளும் வர்க்கக் கட்சிகள் தம்மை எள்ளிநகையாடும் படங்களை எவ்வாறு எதிர்கொண்டன என்பதை முதலில் நினைவுகூர்வோம். அம்ரித் நஹாட்டா எடுத்த 'கிஸ்ஸா குர்சி கா' என்ற இந்திப் படத்தின் பிரதிகள் அவசரநிலைக் காலத்தில் அழிக்கப்பட்டன. அவர் அதே படத்தை மீண்டும் எடுத்துத்தான் வெளியிட வேண்டியிருந்தது. மேற்கு வங்கத்தில் அனிக் தத்தாவின் 'பபிஷ்யதேர் பூத்' 2019 பிப்ரவரியில் வெளியான மறுநாளே திரையரங்குகளிலிருந்து காணாமற்போனது. உச்சநீதிமன்றம் தலையிட்டு மாநில அரசுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. இத்தகைய அடக்குமுறைகளைக் கண்டிப்பவர்கள் நாம். கருத்துச் சுதந்திரம் நம்மைப் புகழும் கலைக்கு மட்டும் உரியது என்று நாம் சொல்ல முடியுமா? முடியாது. ஆகவே இத்தகைய படத்தை அனுமதிப்பதா என்பது நம் முன்னுள்ள கேள்வி அல்ல. பார்த்த பிறகு என்ன செய்வது என்பதே கேள்வி.

இதில் நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1922 மார்ச் மாதத்தில், ஓயாமல் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கும் சோவியத் அதிகாரிகளைக் கேலிசெய்து மயகோவ்ஸ்கி எழுதிய கவிதை ஒன்று 'இஸ்வெஸ்தியா' ஏட்டில் வெளிவந்தது. உள்நாட்டுப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. எதிரிக்கு இடம்கொடுக்கும் எழுத்து என்று அதை ஒதுக்க எல்லாக் காரணங்களும் இருந்தன. லெனினோ, அடுத்த நாளே உலோகத் தொழிலாளர் மாநாட்டில் அக்கவிதையைக் குறிப்பிட்டுப் பேசினார். மயகோவ்ஸ்கியின் கவித்திறனுக்குத் தாம் ரசிகர் அல்ல என்று ஒளிக்காமல் சொன்னார். அரசியல்ரீதியாக அவர் சொல்வது முற்றிலும் சரி என்றும் சொன்னார். கேலியைத் தாங்கிக்கொள்வதோடு அவர் நிற்கவில்லை. அதை ஒரு வேலை அறிக்கையாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் கண்கொண்டு பரிசீலனைக் கூட்டக் காட்சியைப் பாருங்கள். சங்கராடி நடித்த குமாரபிள்ளை, தோல்விக்கான காரணங்களைக் கடினமான கலைச்சொற்களை அடுக்கி விளக்குகிறார். எளிய உறுப்பினர் ஒருவர் எழுந்து, நாம் ஏன் தோற்றோம் என்பதை எளிமையாகச் சொல்லக்கூடாதா என்று கேட்கிறார். அவருக்குப் பதில் கிடைப்பதில்லை. வகுப்புகளுக்கு ஒழுங்காக வரவேண்டும் என்ற கண்டனம்தான் கிடைக்கிறது. தோழர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். நம் கிளைக் கூட்டங்களில் இது நடந்ததே இல்லையா? 'புறநிலைச் சூழல் பாதகமாக அமைந்தது' என்று நாம் அறிக்கையில் எழுதும்போது, ரேஷன் கடைப் பிரச்சினைக்கு நாம் போகவில்லை, அதனால் அந்தத் தெரு நமக்கு வாக்களிக்கவில்லை என்பதைத்தானே பல வேளைகளில் மறைக்கிறோம்? தத்துவம் உண்மையை விளக்குவதற்கு உரியது. அதைத் திரையாக்கி ஒளிந்துகொண்டால், நம்மைப் பார்த்து மக்கள் சிரிப்பது நியாயமே.

இதுவரை நான் படத்தின் பக்கம் நின்றேன். இனி மூத்த தோழரின் பக்கம் வருகிறேன்.

அவரை மிகவும் வருத்தியது எந்தக் காட்சி என்று கேட்டேன். ஒரு சடலத்தைத் தம் தியாகி என்று இரு கட்சிகளும் உரிமை கொண்டாடும் காட்சி என்றார். 1943 மார்ச் 29 அன்று கையூர்த் தோழர்கள் நால்வர் கண்ணூர்ச் சிறையில் தூக்கிலேற்றப்பட்டார்கள். 'நினைவுகள் அழிவதில்லை' நாவலைத் தமிழில் படித்து இயக்கத்துக்கு வந்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். அத்தகைய தியாகத்தை நெஞ்சில் சுமப்பவருக்கு அக்காட்சி வலிக்காமல் எப்படி இருக்கும்? அவர் சிரிக்காததற்கு நகைச்சுவை உணர்வு குறைவு காரணமல்ல. நினைவாற்றல் அதிகம் என்பதே காரணம்.

படத்தின் அடிப்படைக் கோளாறும் இங்குதான் இருக்கிறது. இரு கட்சிகளையும் அது ஒரே தட்டில் நிறுத்துகிறது. 'எல்லாரும் ஒன்றுதான்' என்ற முடிவுக்கு வந்தபின், அது காட்டும் தீர்வு என்ன? மகன்கள் கட்சி வேலையை விட்டுவிட்டுத் தங்கள் பிழைப்பைப் பார்க்கச் செல்கிறார்கள். குடும்பத்தில் அமைதி திரும்புகிறது. அரசியல் என்பது உருப்படாதவர்களின் பொழுதுபோக்கு என்ற நடுத்தர வர்க்க எண்ணத்துக்கு இதைவிட இனிமையான சான்றிதழ் வேறு இல்லை.

படம் காட்டாத கேரளம் ஒன்று அதே 1991இல் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அமைச்சர் அல்லர். புதிதாக எழுத்தறிவு பெற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற மலப்புறத்துப் பெண்மணி. அவரைப் போன்றோருக்கு மாலை நேரங்களில் கற்பித்தவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். வேறு வேலையில்லாமல் ஊர்சுற்றுகிறார்கள் என்று உறவினர்கள் சலித்துக்கொண்ட பிரபாகரன்கள் அவர்களிடையேயும் இருந்திருப்பார்கள். 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்து, உழுதவருக்கு நிலத்தில் உரிமை வந்ததும் தம் பிழைப்பை மட்டும் பார்த்தவர்களால் அல்ல.

இதே இருவரின் கூட்டணியில் 1989இல் வந்த படம் 'வரவேல்ப்பு'. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் பேருந்து வாங்கித் தொழிற்சங்கத்தால் நொடித்துப்போகும் கதை அது. 2003இல் கேரளத்தில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அப்படத்தை எடுத்துக்காட்டினார். திரையரங்கில் தொழிலாளியும் சேர்ந்து சிரித்த சிரிப்பு, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் முதலாளிகளின் மேடையில் வாதமாக மாறியது. சிரிப்பு எந்த வர்க்கத்துக்குப் பயன்படுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

அப்படியானால் மூத்த தோழர் சொன்னதுபோல் இப்படத்தைத் திரையிடாமலே இருந்திருக்கலாமா? இல்லை என்பதே என் பதில். நாம் காட்டாவிட்டாலும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் இதைப் பார்க்கிறார்கள். நம்மைச் சுட்டியே பார்க்கிறார்கள். அவர்களிடம் போய் 'இது பிற்போக்குப் படம்' என்று தீர்ப்புச் சொன்னால், போலந்தைப் பற்றிப் பேசாதே என்று சீறிய பிரபாகரனாகவே நாம் ஆகிவிடுவோம். போலந்தைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். அங்கே தொழிலாளர்களே தொழிலாளர் கட்சி என்று சொல்லிக்கொண்ட ஆட்சியிடமிருந்து ஏன் விலகினார்கள் என்று, வலித்தாலும், நம் வகுப்புகளில் பேச வேண்டும்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, அடுத்த கிளைப் பரிசீலனையில், அந்த எளிய உறுப்பினரின் கேள்வியை யாரேனும் ஒருவர் கட்டாயம் கேட்க வேண்டும். விடை, கூட்டத்துக்கு வராத அண்டை வீட்டாருக்கும் புரியும் தமிழில் இருக்க வேண்டும். இரண்டாவது, கேட்டவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. மூன்றாவது, இப்படத்தைப் பார்த்து 'கட்சி எதற்கு?' என்று கேட்கும் இளைஞரிடம் ஆயிஷாவைப் பற்றியும் கையூரைப் பற்றியும் சொல்லுங்கள். அதோடு, இந்த மாதம் உங்கள் தெருவில் கட்சி என்ன செய்தது என்பதையும் சொல்லுங்கள். அதைச் சொல்ல முடியாவிட்டால் முதல் இரண்டும் அவர் காதில் ஏறாது.

மூத்த தோழர் நேற்று சிரிக்கவில்லை. ஆனால் கடைசிவரை அமர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து வந்து கேள்வி கேட்டார். எதிர்க்கருத்தை முழுவதும் கேட்டு, அதன்பின் வாதிடும் அந்தப் பழக்கம் நம் எல்லாருக்கும் வாய்க்க வேண்டும்.