ஆரம்மாளின் பேத்தி

(தியாகராய நகரில் இளம் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இடத்திலிருந்து வெகு தூரமில்லை, நந்தனம். அங்கே ஒரு உடற்பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. ஹாரி பக் என்பவர் 1920-ல் தொடங்கியது. இந்தப் பட்டணத்தில் விளையாட்டுக் கல்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஆனால் மயிலாப்பூர்க் குப்பத்துப் பிள்ளையும் அடையாற்றங்கரைக் குடிசைப் பிள்ளையும் எங்கே ஓடுகிறார்கள்? தெருவிலும் கடற்கரை மணலிலும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வரலாற்றைக் கேளுங்கள்.

மதுரை மாவட்டம், சக்கிமங்கலம். அங்கே 1998-ல் பிறந்தவர் ரேவதி வீரமணி. சிறு வயதிலேயே தந்தை போனார். அடுத்துத் தாயும் போனார். ரேவதியையும் அவர் தங்கையையும் வளர்த்தவர் தாய்வழிப் பாட்டி ஆரம்மாள். வயலிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை செய்தவர். "பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பானேன், வேலைக்கு அனுப்பு" என்றனர் சுற்றியிருந்தோர். பாட்டி கேட்கவில்லை, பள்ளிக்கே அனுப்பினார்.

பள்ளிப் போட்டிகளில் ரேவதி வெறுங்காலோடு ஓடினார். ஓட்டக் காலணி வாங்கக் காசு ஏது? அந்த ஓட்டத்தைக் கண்டுகொண்டவர் மாநில விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன். பாட்டி முதலில் தயங்கினார். கண்ணன் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைத்தன; காலுக்குக் காலணியும் வந்தது.

2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார். அதே மாதம் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண், பெண் சேர்ந்து ஓடும் தொடரோட்டத்தில் இடம் பெற்றார். ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயம் நடந்தது அதுவே முதல் தடவை. நம் அணியின் நால்வரில் மூவர் தமிழ்நாட்டார்: ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். அணி இறுதிப் போட்டிக்குப் போகவில்லை. ஆனாலும் சூளையில் கல் சுமந்த கையின் உழைப்பு டோக்கியோ வரை போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவில் வில்மா ருடால்ப் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். இளம்பிள்ளை வாதத்தால் காலில் இரும்புக் கட்டோடு நடந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனியாக வரவேற்பு என்றால் வரமாட்டேன் என்றார். ஊரே ஒன்றாகக் கூடி வரவேற்றது. ஓடத் தெரிந்தவர், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் தெரிந்தவர்!

"மன உறுதி இருந்தால் போதும், யாரும் ஜெயிக்கலாம்" என்று சிலர் பேசுவார்கள். போதுமா? ரேவதியிடம் உறுதி இருந்தது, சரி. ஆனால் பாட்டியின் கூலி, சர்க்கார் சம்பளம் பெறும் ஒரு பயிற்சியாளர், ஒரு விடுதி, ஒரு ஜோடிக் காலணி, இவற்றில் ஒன்று குறைந்திருந்தால்? நாம் அந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டோம். அப்படிக் கேட்காமல் போன பெயர்கள் எத்தனை!

ஒரு கண்ணன் ஒரு பிள்ளையைக் கண்டது நல்ல அதிர்ஷ்டம். நம் பிள்ளைகளை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிட முடியாது. வட்டத்துக்கு ஒரு மைதானம், ஊருக்கு ஒரு பயிற்சியாளர், ஓடும் பிள்ளைக்கு வயிறார உணவு, பெண் பிள்ளைக்கு விடுதி. இவற்றைச் சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்போம். கேட்கும் வரை நம் வீட்டில் ஒன்று செய்வோம்: ஓட ஆசைப்படும் மகளை, பேத்தியை, "உனக்கேன் இதெல்லாம்" என்று தடுக்காதிருப்போம். ஆரம்மாள் தடுக்கவில்லை.