திரும்பி வந்தோர் கேட்கும் கேள்விகள்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பொதுநிலையினர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

"பிரிந்து சென்று திரும்பியோர்" என்ற தலைப்பை எனக்குக் கொடுத்தபோது, விழாக்குழுவில் ஒருவர், "கொஞ்சம் உற்சாகமாகப் பேசுங்கள், நம் வெற்றி தெரியட்டும்" என்று கேட்டுக்கொண்டார். அவர் மன்னிக்க வேண்டும். இதில் வெற்றி தோல்வி பேச எனக்கு விருப்பம் இல்லை. திரும்பி வந்தவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை மாலை நம் மறைக்கல்வி அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். கொரட்டூர், பட்டாபிராம், திருநின்றவூர், பூந்தமல்லி என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் கட்டுப்பாடு மிகுந்த பெந்தெகொஸ்தே சபைகளில் இருந்தவர்கள். எந்தச் சபை என்று நான் எவரையும் கேட்டதில்லை. அவர்கள் சொன்னாலும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு சபையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இவ்வுரையின் நோக்கம் அன்று.

ஆனாலும் இத்தகைய சபைகளைப் பற்றி நாம் ஒன்றும் அறியாமல், "அல்லேலூயாக்காரர்கள்" என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிடுகிறோம். அது நியாயமில்லை. இவற்றுள் நம் வட்டாரத்தில் பலரும் அறிந்தது, தாம்பரம் இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன். கேரளத்தில் இந்துவாகப் பிறந்து, இலங்கை சென்று, அங்கே கிறிஸ்தவரான இராமன்குட்டி என்பவர், பிற்காலத்தில் பாஸ்டர் பால் என்று அழைக்கப்பட்டவர், 1920-களில் அதைத் தொடங்கினார். முதலில் 'சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன்' என்றிருந்த பெயர் இந்தியாவில் 1984-இல் மாறியது. அதன் ஊழியர்கள் மணம் செய்துகொள்வதில்லை, சம்பளம் பெறுவதில்லை, உடைமையை விட்டு 'விசுவாச வீடு' எனப்படும் இல்லங்களில் கூடி வாழ்கிறார்கள், வெள்ளை உடை உடுத்துகிறார்கள், மருந்து உட்கொள்ளாமல் தெய்வ சுகத்தையே நம்புகிறார்கள். மணத் துறவு, எளிமை, கீழ்ப்படிதல்! நம் துறவியரின் மூன்று வார்த்தைப்பாடுகளை அறிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது.

இத்தகைய சபைகளுக்கு நம் மக்கள் ஏன் போனார்கள்? இந்த மேற்குப் புறநகரின் வரலாற்றைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. தெற்கேயிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் பிழைப்புக்காக வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள், ஒற்றை அறை வாடகை வீடுகளில் குடியேறின. ஊரில் இருந்த கோயில் இங்கே இல்லை, உபதேசியார் இல்லை, திருவிழா இல்லை. ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் பலருக்கு முதல் ஷிப்டு. அந்த நாளில் கதவைத் தட்டி, "அண்ணே, உங்க வீட்டிலே ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டவர்கள் நாம் அல்லர்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓய்வு பெற்ற தொழிலாளர் ஒருவர் சொன்னார்: "இரண்டாம் ஷிப்டு முடிந்து ராத்திரி பதினொன்றரைக்கு வருவேன். என் மகனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்து நாலு பேர் பாயில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் அவர்களும் வேலைக்குப் போக வேண்டியவர்கள்தான்." அவர் அந்தச் சபையை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கசப்பே இல்லை. அந்தப் பாயில் மேஸ்திரியும் கூலியாளும் சாதி பாராமல் உட்கார்ந்தார்கள் என்றும் சொன்னார். கல்லறைத் தோட்டத்திலேயே சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழகக் கத்தோலிக்க வரலாற்றில் உண்டு என்பதை எண்ணி நான் வாய் திறக்கவில்லை.

உரோமையில் 1986-ஆம் ஆண்டு மே மாதம், புதிய சமயக் குழுக்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த அறிக்கை வசைபாடவில்லை. தமக்குரிய ஓர் இடம், தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் மக்கள், கேள்விக்கு விடை, கைபிடித்து நடத்த ஒருவர் ஆகிய தேவைகளைத் தேடியே மக்கள் போகிறார்கள் என்று அது விரிவாகக் கூறியது. இந்தத் தேவைகள் நம் பங்கில் நிறைவேறியிருந்தால் பாதிப்பேர் போயிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. மீதிப் பாதி எப்படியும் போயிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, திரும்பியவர்களின் கேள்விகளுக்கு வருவோம். முதல் கூட்டத்துக்கு நான் தேவமாதா வணக்கம், உத்தரிக்கிற ஸ்தலம், பாப்பரசரின் அதிகாரம் என்று குறிப்பெல்லாம் தயாரித்துக்கொண்டு போனேன். ஒருவரும் அவற்றைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் திங்கள் முதல் சனி வரையுள்ள வாழ்க்கையைப் பற்றி.

ஒரு தாய் கேட்டார்: "மாத்திரை போடுவது விசுவாசக் குறைவா?" அவருடைய கணவருக்குச் சர்க்கரை நோய். விசுவாசத்தைக் காட்டுவதற்காக அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் சிறு புண் வந்தது, வெளியே சொல்லவில்லை. மருத்துவமனைக்குத் தூக்கிப் போனபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது அந்தத் தாய்க்கே இரத்தக் கொதிப்பு. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் விழுங்க முடியாமல் நிற்கிறார். விழுங்கினால் ஆண்டவரை மறுதலித்த உணர்வு. விழுங்காவிட்டால் கணவரின் கால் நினைவுக்கு வருகிறது. பெரியோர்களே, இது வேதசாஸ்திர வாதம் அன்று. ஒவ்வொரு நாள் காலையிலும் சமையலறையில் நடக்கிற போராட்டம்.

பங்குத்தந்தை அவருக்குச் சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். மருத்துவரைப் படைத்தவரும், மண்ணிலிருந்து மருந்தை விளைவிப்பவரும் கடவுளே என்றும், நோயில் மன்றாடிய பின் மருத்துவருக்கும் இடம் கொடு என்றும் அது சொல்கிறது. அந்தத் தாய் தம் கறுப்பு உறை வேதாகமத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதில் இல்லை, அது 66 நூல்கள் கொண்டது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தின் கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள் உண்டு. "எங்களுக்கு இதைக் காட்டவே இல்லையே" என்றார். பங்குத்தந்தை அதோடு விடாமல், அவருடைய வேதாகமத்திலேயே கொலோசெயருக்கு எழுதிய திருமுகத்தைத் திறந்து, பவுலடியார் லூக்காவை அன்புக்குரிய மருத்துவர் என்று குறிப்பிடும் இடத்தைக் காட்டினார். அது அவருக்குப் பெரிய ஆறுதல். தன் கையிலுள்ள புத்தகமே சொன்னதல்லவா!

இன்னொரு பெண்மணியின் கேள்வி தாலியைப் பற்றியது. நகை அணிவது உலகப்பற்று என்று போதிக்கப்பட்டு, காதணி, வளையல், கடைசியில் தாலியும் கழன்றது. விற்ற பணம் காணிக்கையாகப் போயிற்று. சபைக்குள் இருந்தவரை எல்லாப் பெண்களும் அப்படியே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. விலகி வந்த பிறகு, ஆவடி மார்க்கெட்டில் பூக்காரி இவரைக் கைம்பெண் என்று எண்ணி, கூடையை அடுத்தவரிடம் நீட்டுகிறாள். கணவர் பக்கத்தில் நிற்கிறார்! "சாமி, மறுபடி தாலி கட்டணுமா? கட்டாவிட்டால் என் கலியாணம் செல்லாதா?" என்று கேட்டார்.

தாலி நம்மையும் பாடாய்ப் படுத்திய பொருள்தான். 1704-இல் புதுச்சேரியில் கர்தினால் தூர்னோன் கட்டளையிட்டபோது பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைத் தடுத்து, சிலுவையோ ஆண்டவர் அல்லது தேவமாதா உருவமோ உள்ளதை அணியலாம் என்றார். 1744-இல் பாப்பரசர் 14-ஆம் ஆசீர்வாதப்பர் அந்தத் தகராறை முடித்துவைக்கும்வரை இதற்காக எத்தனை கடிதங்கள், எத்தனை கப்பல்கள்! பங்குத்தந்தை சொன்ன பதில் சுருக்கமானது: "அம்மா, உங்கள் திருமணம் நீங்கள் இருவரும் கொடுத்த வாக்கில் இருக்கிறது. தாலி உங்கள் விருப்பம்." இப்போது அந்தப் பெண்மணி மஞ்சள் கயிற்றில் சின்னச் சிலுவை போட்டிருக்கிறார். வெள்ளைப் புடவையை மட்டும் விடவில்லை. கோயிலில் அவருக்குப் பின்வரிசையில் உட்காருகிறவர்கள் அதைப் பற்றிக் குசுகுசுப்பது அவர் காதில் விழுகிறது என்பதை மட்டும் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

இளைஞர்களின் துன்பம் வேறு. பெற்றோர் தாமே தேர்ந்து போனார்கள். பிள்ளைகள் அதற்குள்ளேயே வளர்ந்தவர்கள். ஓர் இளைஞர் சொல்கிறார்: பள்ளி விட்டு வரும்போது வீடு பூட்டியிருந்தால் அவருக்கு அழுகை வந்துவிடுமாம். ஆண்டவரின் இரகசிய வருகை நடந்து, அம்மா அப்பாவை எடுத்துக்கொண்டார்கள், தான் மட்டும் கைவிடப்பட்டோம் என்று. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருப்பார்! இருபத்தாறு வயதில் நண்பர்களோடு முதன்முதலாக அம்பத்தூர் ராக்கி திரையரங்குக்குப் போய், இடைவேளையில் எழுந்து வந்துவிட்டார். உள்ளே இருக்கும்போது ஆண்டவர் வந்துவிட்டால்? அவரே இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். ஆனால் பூட்டிய கதவைக் கண்டால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னபோது அறை அமைதியாகிவிட்டது.

எல்லாமே சோகம் என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பி வந்த முதல் மாதமே ஒருவர் தம் சம்பளத்தில் தசமபாகத்தை உறையில் போட்டுக் காணிக்கைத் தட்டில் வைத்தார். நம் பொருளாளர் மயங்கி விழாத குறை!

நம்மிடமிருந்து போய் மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள், "இப்போது எங்களுக்கு மூன்றாவது முறையா?" என்று கேட்பதுண்டு. இல்லை. ஞானஸ்நானம் ஒருமுறைதான், 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அதையே சொல்கிறது. பங்குத்தந்தையிடம் வந்து பேசி, முறைப்படி பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கலாம். ஒருவருக்கு அவர் குழந்தையாய் ஞானஸ்நானம் பெற்ற பதிவையே பழைய பதிவேட்டில் எடுத்துக் காட்டினோம். அவர் பெயர், தாய் தந்தை பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் மங்கிய மையில் இருந்தன. எவரும் அடித்துவிடவில்லை. அவர் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி, இந்த மேடையில் நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய செய்தி. வருகிற பன்னிரண்டு பேரில் ஐந்து பேர்தான் ஞாயிறு பூசைக்கு வருகிறார்கள். மூவர் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. ஒருவர் கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகப்படுகிறார். "நம் கோயிலுக்கு வராதவர்களுக்கு நம் அறையும் மின்விசிறியும் எதற்கு?" என்று சென்ற மாதம் பங்குப்பேரவையில் ஒரு கேள்வி எழுந்தது. கேட்டவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். மறைக்கல்விக்கே இடம் போதவில்லை என்பதும் உண்மை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சபையில் இருபது ஆண்டு வாழ்ந்தவர் அதை விட்டு வரும்போது போதனை மட்டும் அவரை விட்டுப் போவதில்லை. காலையில் எழுப்பிய ஜெபம், நோயில் வந்த மனிதர்கள், பெண்ணுக்கு வரன் பார்த்தவர்கள், சாவுக்கு வந்து பாடுகிறவர்கள் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறார்கள். நேற்றுவரை ஸ்தோத்திரம் சொன்னவர்கள் பஸ் ஸ்டாப்பில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இந்தப் பக்கம் வந்தால் நாமோ, "வந்துவிட்டாயா? எப்போது ஜெபமாலை கற்றுக்கொள்வாய்?" என்கிறோம். கட்டளையிட்டு நடத்தப்பட்டே பழகியவர்களுக்கு இன்னொரு கட்டளைப் பட்டியலைக் கொடுப்பதில் என்ன பயன்? அவர்கள் தாமாக யோசிக்கச் சற்றுக் காலம் வேண்டும். பாதிக் கேள்வியோடு உட்கார ஓர் அறை வேண்டும். அவர்கள் முடிவில் நம்மிடம் வராமல் போகலாம். அதற்காக அறையைப் பூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரிந்த சபைகளில் பிறந்து வளர்ந்தவர்கள்மேல் பிரிவினைக் குற்றத்தைச் சுமத்தக்கூடாது என்று 1964-ஆம் ஆண்டிலேயே வத்திக்கான் சங்கம் கூறியிருக்கிறது. அந்த ராக்கி திரையரங்கு இளைஞருக்கு இது நேராகப் பொருந்தும்.

அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் இந்தப் பொருள் முடிவுக்கு வருகிறது. அறை கொடுக்க இயலாது என்று முடிவானால், அம்பத்தூர்ப் பக்கம் தம் வீட்டு மாடியைத் தருவதாக ஒரு குடும்பம் முன்வந்திருக்கிறது. அந்தக் குடும்பத் தலைவருக்கு முட்டுவலி. மாடி ஏற முடியாது. ஆகையால் கீழேயே பாய் போட்டுவிடலாம் என்கிறார். அதுவரை இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு மறைக்கல்வி அறையில்தான் கூடுகிறோம். மரியாயின் சேனைச் சகோதரிகள் காப்பி கொடுக்கிறார்கள். வர விரும்புகிறவர்கள் வரலாம். ஒரேயொரு வேண்டுகோள், அன்று அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.