உளி பட்ட முகங்கள்



யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டனர் என்னும் அகநானூற்றுச் செய்தியை நம் மேடைகளில் பெருமிதத்தோடு சொல்வது வழக்கம், நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொன் எத்தகையது, இங்கு வந்தபின் அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்டோர் சிலரே. அதைக் குறித்துச் சில சொற்கள்.

உரோமரின் பொற்காசுக்கு ஔரியசு என்பது பெயர். சூலியசு சீசர் காலத்தில் ஓர் உரோம இராத்தல் பொன்னில் 40 காசுகள் அடித்தனர். காசு ஒன்று ஏறக்குறைய 8 கிராம். நம் வீட்டுப் பெண்டிர் கணக்கில் ஒரு சவரன்! அதற்கு ஈடு, தெனாரியசு என்னும் வெள்ளிக்காசு 25. அகசுட்டசின் படைவீரன் ஓராண்டு உழைத்துப் பெற்றது 225 தெனாரியசு. பொன்னாயின் ஒன்பதே காசு. கி.பி. 64-இல் நீரோ எடையைக் குறைத்து இராத்தலுக்கு 45 ஆக்கினான். வெள்ளியிலோ எடையோடு மாற்றையும் குறைத்தான்.

இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செசுடர்சை உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்பினார். பொற்காசாக எண்ணினால் 5 இலட்சம். ஆடம்பரத்தின்மேல் சினங்கொண்டவர் போட்ட கணக்கு அது. அப்படியே ஏற்க வேண்டுவதில்லை.

இனிப் புதுக்கோட்டைக்கு வருவோம். 1898-இல் அப்பகுதியில் கிடைத்த புதையலில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. அகசுட்டசு முதல் வெசுபாசியன் வரை பேரரசர் பலரின் முகங்கள். உரோம வீரன் ஒருவனின் 55 ஆண்டு ஊதியத்திற்கும் மேற்பட்ட செல்வம். அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் ஒரு வெட்டு. உளியால் விழுந்த வெட்டு. அதுவும் பேரரசனின் தலைமீதே.

ஏன் வெட்டினர்? உள்ளே செம்பிருக்கிறதா என்று சோதித்தனர் என்பர் சிலர். நாணயமாகச் செல்லாது என்று அறிவிக்கும் குறி என்பர் வேறு சிலர். பின்னதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சோதனைக்கு விளிம்பில் ஒரு கீறல் போதும்; முகத்தைத் தேடி உளி வைக்க வேண்டியதில்லை. உரோமில் அம்முகமே காசுக்கு ஆணை. இங்கோ, அதை வெட்டியபின்னும் பொன்னைப் பொன்னாகவே போற்றிச் சேமித்தனர். யவனர் பொன்னுக்கு மயங்கி நின்றவராக அவர்களை நாம் வருணிப்பது சரியன்று. தராசைக் கையில் வைத்திருந்த மக்கள் அவர்கள்.