மூதாதையர் நடந்த வழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இல்வாழ்வான் பேண வேண்டியோருள் தென்புலத்தாரையே வள்ளுவர் முதலில் வைத்தார். ஆடி அமாவாசையில் நாம் எள்ளுந் தண்ணீரும் இறைக்கின்றோம். ஆனால் பெயரும் ஊரும் அறியப்படாது காட்டு வழியில் மாண்ட மலையக முன்னோருக்கு நாம் செய்யுங் கடன் யாது? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வினா.

மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வந்த வரலாற்றை 1823ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுதல் வழக்கம். இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய இடங்களிற் பஞ்சமுங் கடனும் அவர்களைத் துரத்தின. கங்காணியின் முன்பணம் அவர்களைக் கட்டியிழுத்தது. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அப்பால் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையே. தண்ணீரற்ற காடு, காய்ச்சல், வாந்திபேதி. விழுந்தவர் பலர் விழுந்த இடத்திலேயே விடப்பட்டனர். பிழைத்தவர்க்கு மாத்தளையோடும் பயணம் முடியவில்லை. நுவரெலியாப் பகுதியின் ஆறாயிரம் அடி உயரத்துக்கும் ஏறினர். வெயிலிற் பிறந்த உடலுக்கு அக்குளிரில் ஒரு கம்பளியே துணை. ஆயினும் மரத்தடியிற் கல்லை நாட்டி மாரியம்மா என்றழைத்தனர். காமன்கூத்தையும் அருச்சுனன் தபசையும் மறவாது ஆடினர். சமயத்தை அவர்களுக்கு யாரும் பல்லக்கிலேற்றிக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. நெஞ்சிற் சுமந்தே வந்தனர்.

அவர்கள் வளர்த்த கோப்பி 1869க்குப் பின் இலைநோயால் அழிந்தது. தேயிலை வந்தது, அதையும் வளர்த்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களின் பிரசாவுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை குடும்பங்களைக் கடலின் இரு கரையிலும் பிரித்துவிட்டது.

இருநூறாண்டு நிறைவில், 2023 ஆடியில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரத்தை மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் பதினாறு நாட்களில் நடந்து கடந்தனர். வழியெங்கும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணீரும் உணவுங் கொடுத்து வரவேற்றனர். முன்னோர் நடந்தபோது கிடைக்காத உபசாரம் அது.

இளைஞர்களே! "எங்கள் பாட்டன் தோட்டத்தில் வேலை செய்தார்" என்று சொல்ல நாணுவோர் நம்முள் உளர். நாண வேண்டியவர் அவரல்லர். அவரை இழிசொல்லால் அழைத்தவரே. பெரியோர்களே! உங்கள் தாய் தந்தையர் சொன்ன ஊர்ப்பெயர், குலதெய்வத்தின் பெயர், வழியில் இழந்த குழந்தையின் கதை ஆகியவை உங்களோடு மறைந்துபோகலாகாது. இச்சங்கம் ஒரு கொப்பி வாங்கட்டும். ஒவ்வோர் இளைஞனும், ஒவ்வொரு யுவதியும் தம் வீட்டு முதியோரிடங் கேட்டு அதில் எழுதட்டும். அடுத்த ஆடி அமாவாசையில் அப்பெயர்களைக் கோயிலில் வாசித்து விளக்கேற்றுவோம். மலையேறி வந்தவருக்கு நாம் செலுத்தக்கூடிய முதற்கடன் அதுவே.